சியென்னா வேனில் மிஸ்ஸிங்: பிளக்கும் காயிலும் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 2013 டொயோட்டா சியென்னா, 3.5 லிட்டர் வி6 எஞ்சின், ஓடியது 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி நடுங்குகிறது. நெடுஞ்சாலையில் ஏற்றத்தில் மிதித்தால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. எஞ்சின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கோட் ரீடரில் பி0303 வந்திருக்கிறது. கராஜில் ஆறு ஸ்பார்க் பிளக், ஆறு இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். பிளக்குகளை இதுவரை மாற்றியதே இல்லை. இதை வீட்டு கராஜிலேயே செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஒன்று, உங்கள் கையால் ஆகுமா என்பது. மற்றது, ஆறு காயிலும் உண்மையிலேயே தேவையா என்பது. பணம் இரண்டாவதில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கனடாவின் ஒன்டாரியோவில் 310எஸ் என்கிற கார் மெக்கானிக் உரிமத்தோடு வேலை பார்க்கிறவன். இந்த எஞ்சினை நிறையத் திறந்திருக்கிறேன். ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. ஆகவே இந்த எஞ்சினுக்குப் பொதுவாக எது உண்மை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மூன்றாம் சிலிண்டரில் என்ன கோளாறு என்பதை ஊகமாக மட்டும்தான் சொல்ல முடியும். அந்த ஊகத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஸிங் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஏன் எரியவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கனெக்டரில் துரு, வாக்குவம் கசிவு, அரிதாகக் கம்ப்ரஷன் குறைவு என எதுவும் இருக்கலாம். கூடவே பி0353 இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். அது மூன்றாம் காயிலின் மின்சுற்றைக் குறிக்கிற கோட். இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் காயில் மேலோ அதன் கனெக்டர் மேலோ பலமாகத் திரும்பும். பி0303 மட்டும் தனியாக இருந்தால், இத்தனை கிலோமீட்டர் ஓடிய பழைய பிளக்கைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இன்னொன்று: அந்தக் கோட் பதிவை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். மிஸ்ஸிங் வந்த நேரத்தில் எஞ்சின் சூடு, வேகம், லோடு எல்லாம் எவ்வளவு இருந்தன என்று கோட் ரீடரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியில் பதிவாகியிருக்கும். கோட் பதிவை அழித்தால் அதுவும் போய்விடும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கும் காயிலும் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஒரே வேலையின் இரண்டு பாகங்கள் என்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துவிடுகிறார்கள். பிளக் தேயும் பொருள். ஒவ்வொரு பொறிக்கும் அதன் முனையில் கொஞ்சம் உலோகம் அரிக்கிறது, இடைவெளி மெதுவாக அகலமாகிறது. இந்த எஞ்சினின் இரிடியம் பிளக்கை 120,000 மைலில், அதாவது ஏறக்குறைய 192,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது டொயோட்டாவின் அட்டவணை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் ஆறு பிளக்கும் மாற்ற வேண்டியவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காயில் அப்படியல்ல. அதற்கு மாற்றும் காலம் என்று அட்டவணையில் எதுவும் கிடையாது. கெட்டால் மாற்றுவது, கெடாவிட்டால் விடுவது. ஒரு காயில் போனால் மற்ற ஐந்தும் அடுத்த மாதமே வரிசையாகப் போகும் என்று எந்த விதியும் இல்லை. எத்தனையோ வண்டிகளில் கம்பெனியில் இருந்து வந்த காயிலே கடைசிவரை ஓடுவதைப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. காயில் என்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரியின் 12 வோல்ட் அதன் முதல் சுற்றில் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கம்ப்யூட்டர் அந்த ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. பிளக்கின் இடைவெளி அகலமாக அகலமாக, அதைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். தாண்ட முடியாதபோது மின்சாரம் வேறு வழி தேடும்: காயிலின் ரப்பர் உறையைத் துளைத்துப் பக்கத்து உலோகத்துக்குப் பாயும், அல்லது காயிலுக்கு உள்ளேயே இன்சுலேஷனை உடைக்கும். தேய்ந்த பிளக்கை நெடுநாள் ஓட்டினால் காயில் சாவதற்கு இதுதான் காரணம். ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் விளக்கு மினுக்குவதும் இதோடு பொருந்துகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் பொறி தாண்டுவது கடினமாகும். அதனால் உங்கள் கராஜ்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். மறுபடி திறக்க நேர்ந்தால் வாடிக்கையாளர் சத்தம் போடுவார் என்ற பயத்தில் மொத்தமாக மாற்றச் சொல்லும் வழக்கம் தொழிலில் உண்டு. உங்கள் வண்டி, உங்கள் நேரம் என்றால் அந்தக் கணக்கு மாறுகிறது.

காயிலை மல்டிமீட்டர் வைத்து ஓம் அளந்து பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பழைய வண்டிகளுக்கு அது சரி. இந்த டொயோட்டா காயிலில் நான்கு கம்பிகள்: மின்சாரம், எர்த், கம்ப்யூட்டர் அனுப்பும் கட்டளை, பொறி கொடுத்துவிட்டேன் என்று காயில் திருப்பி அனுப்பும் பதில். இக்னைட்டர் என்கிற மின்னணுப் பகுதி காயிலுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியே இருந்து ஓம் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. நம்பகமான சோதனை, சந்தேகப்படும் காயிலை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங் கூடவே போகிறதா என்று பார்ப்பதுதான்.

இங்கேதான் சியென்னாவின் தொல்லை ஆரம்பிக்கிறது. எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. பானெட்டைத் திறந்து வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால், உங்கள் பக்கம் இருக்கும் வரிசையில் இடமிருந்து வலமாக 2, 4, 6. கண்ணாடியை ஒட்டிய பின்வரிசையில் அதே திசையில் 1, 3, 5. உங்கள் மூன்றாம் சிலிண்டர் பின்வரிசையின் நடுவில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் பிளெனம் என்ற பெட்டிக்கு அடியில், வைப்பருக்குக் கீழே இருக்கும் கவுல் என்ற மூடியின் நிழலில் இருக்கிறது. முன்வரிசைக் காயிலை மாற்றப் பத்து நிமிடம் போதும். பின்வரிசைக் காயிலைத் தொடவே முதல்முறை செய்பவருக்கு அரைநாள் ஆகலாம். சோதனைக்காக ஒரு முறை, வேலைக்காக ஒரு முறை என்று இரண்டு தடவை திறப்பது முட்டாள்தனம்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. காயில் ஒன்றுகூட முன்கூட்டி வாங்க வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஆறு பிளக், பிளெனத்தின் கேஸ்கெட் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஒரே தடவை திறங்கள். ஆறு பிளக்கையும் புதிதாகப் போடுங்கள். மூடுவதற்கு முன் மூன்றாம் சிலிண்டரில் இருந்த காயிலை எடுத்து முன்வரிசையில் நான்காவதில் போடுங்கள், நான்காவதில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த காயிலை மூன்றாவதில் போடுங்கள். எல்லாவற்றையும் மூடி, கோட் பதிவை அழித்து, ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் அடியோடு நின்றுவிட்டால் பிளக்தான் குற்றவாளி, காயில் செலவே இல்லை. பி0304 என்று வந்தால் காயில் கெட்டது என்று நிரூபணம் ஆகிவிட்டது, அதுவும் இப்போது கைக்கு எட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு காயில் வாங்கிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மறுபடியும் பி0303 தான் வருகிறது என்றால் பிளக்கும் காயிலும் நிரபராதிகள், தேட வேண்டியது வேறு இடம். மூன்று விடைகளில் எது வந்தாலும் உங்கள் பணம் வீணாகவில்லை. முன்கூட்டி ஒரு புதிய காயில் வாங்கி வைத்திருந்தால் அதை மூன்றாவதில் போட்டுவிட்டு, சந்தேகக் காயிலை நான்காவதில் போடுங்கள். நான்காவதில் இருந்த நல்ல காயில் கையிருப்பாக இருக்கட்டும். புதுசு எப்போதும் பின்வரிசைக்கு, பழசு எப்போதும் முன்வரிசைக்கு என்பது இந்த எஞ்சினில் நான் கடைப்பிடிக்கிற பழக்கம்.

பாகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினுக்குப் பழக்கமான பிளக் டென்சோ எஃப்கே20எச்ஆர்11. கடைசியில் இருக்கும் 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கிறது. இடைவெளி தொழிற்சாலையிலேயே சரிசெய்துதான் வருகிறது. நாணயம் போன்ற வட்ட அளவுகோலை உள்ளே திணித்து அளக்காதீர்கள், ஊசி போல மெல்லிய இரிடியம் முனை உடைந்துவிடும். பார்வையிலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெட்டியில் அடிபட்டு வளைந்தது எதுவும் இல்லை என்று உறுதிசெய்தால் போதும். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். இணையச் சந்தைகளில் போலிப் பிளக்குகள் நிறைய உலவுகின்றன, பெட்டியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கே கஷ்டம். டீலரிடமோ முறையான பாகக் கடையிலோ வாங்குங்கள். ஆறு காயில் சேர்த்து நம்பமுடியாத விலைக்கு விற்கும் பெயர் தெரியாத செட்டைப் பற்றி என் கருத்து: நல்ல நிலையில் இருக்கிற பழைய டென்சோ காயில் அதைவிட மேல்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. 10, 12, 14 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், ஆலன் சாக்கெட்டுகள், 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன்கள், வளைந்து திரும்பும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். பிளக் சாக்கெட்டில் ரப்பர் வளையத்தைவிடக் காந்தம் வைத்தது எனக்குப் பிடிக்கும். ரப்பர், பிளக்கைக் கவ்விக்கொண்டு ஆழக் குழிக்குள்ளேயே தங்கிவிடும். எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் டேப் சுற்றிவிடுங்கள், அதே தொல்லை வராமல் இருக்கும். டார்க் ரெஞ்ச் விஷயத்தில் ஒன்று: சக்கர நட்டு முடுக்கும் பெரிய ரெஞ்ச் இங்கே உதவாது. அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் துல்லியம் இருக்காது. சின்னதாக ஒன்று கடன் வாங்குங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைப் பிடுங்கினால் மரையும் சேர்ந்து வரும் ஆபத்து உண்டு. இரவு நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு மாட்டும்போது ஜன்னல், மின் கதவுகளின் தானியங்கி வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம், உரிமையாளர் கையேட்டில் முறை இருக்கிறது.

முதலில் முன்வரிசை மூன்றையும் செய்யுங்கள். பின்வரிசையை அப்போது தொடவே வேண்டாம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சினின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் முன் காயில்கள் பளிச்சென்று தெரியும். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றி, 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து, காயிலை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி ரப்பரின் பிடியை விடுவித்து மேலே இழுங்கள். கனெக்டரின் பூட்டு பல வருடச் சூட்டில் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், அவசரப்பட்டால் உடையும். பிளக்கை எடுப்பதற்குமுன் குழிக்குள் காற்றடித்துத் தூசியையும் மணலையும் வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடியுங்கள். முன்வரிசை பிளக்குகள் சுலபமாகக் கழன்றால் பின்வரிசையும் அப்படித்தான் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். முன்வரிசையிலேயே ஒரு பிளக் கிறீச்சிட்டு இறுகினால், கொஞ்சம் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்துப் பாருங்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் பின்பக்கம் திறக்கவில்லை, வண்டியை மூடி கராஜுக்கு ஓட்டிப் போகலாம். பின்வரிசையில், எல்லாம் பிரித்துப் போட்ட நிலையில் இதே சிக்கல் வந்தால் இழுவை வண்டிதான்.

பின்வரிசைக்குப் போக முதலில் வைப்பர்கள். அவை நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். 14 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றினாலும், சாலை உப்பில் ஊறிய வைப்பர் கை அசையாது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் கவுல் உடையும், சில நேரம் கண்ணாடியே விரியும். பேட்டரி டெர்மினல் கழற்றும் சின்னப் புல்லர் இதற்கு அழகாகப் பொருந்தும். பிறகு பிளாஸ்டிக் கவுல், வைப்பர் மோட்டாரோடு சேர்ந்த இணைப்புக் கம்பிகள், அதற்குக் கீழே உலோகத் தகடு. கவுலின் கிளிப்புகள் குளிரில் படபடவென்று உடையும். சூடேற்றிய கராஜ் இல்லையென்றால் இந்த வேலையை ஜனவரியில் வெளியே நின்று செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சின்னச் சின்னக் கிண்ணங்களில் வைத்தால் மாலையில் மிச்சம் எதுவும் கையில் நிற்காது.

கவுல் போனதும் இடம் விரியும். இந்த நிலையிலேயே, பிளெனத்தைக் கழற்றாமல், கையை உள்ளே நுழைத்து யுனிவர்சல் ஜாயின்ட் வைத்து மூன்று பிளக்கையும் மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடியாதது அல்ல. ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பிளக் மரையில் நேராக ஏறுகிறதா என்று விரல் நுனியில் உணர வேண்டும், வளைந்த ஜாயின்ட்டில் அந்த உணர்வு வராது. குழிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. பிளெனத்தைக் கழற்றுவது பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஏர் ஃபில்டரில் இருந்து வரும் குழாய், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியின் கனெக்டர், சில வாக்குவம் ஹோஸ்கள், பக்கத்தில் பிடித்திருக்கும் தாங்கிகள், கடைசியாக ஆலன் தலை போல்ட்டுகளும் நட்டுகளும். திராட்டில் பாடிக்கு இரண்டு கூலன்ட் ஹோஸ்கள் போகின்றன. அவற்றைக் கழற்றாமல், திராட்டில் பாடியை மட்டும் பிளெனத்தில் இருந்து பிரித்து ஓரமாக ஒதுக்கி வைத்தால் கூலன்ட் சிந்தாது. பிளெனம் வெளியே வந்த அடுத்த நொடி, திறந்திருக்கும் ஆறு துளைகளையும் சுத்தமான துணியால் அடையுங்கள். பெரிய துணியாக, வாலை வெளியே விட்டு அடையுங்கள். அந்தத் துளைகள் நேராக வால்வுக்குப் போகின்றன, உள்ளே விழுந்த ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட் எஞ்சினையே முடித்துவிடும்.

பின்வரிசைக் காயில்களை எடுக்கும்போது மூன்றாவதின் ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முடிபோல மெல்லிய கறுப்புக் கோடோ, வெளிறிய பொட்டோ இருந்தால் மின்சாரம் பக்கவாட்டில் பாய்ந்த தடயம் அது. கனெக்டரின் ஊசிகளில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். காயில் எண்ணெயில் நனைந்து வந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழியின் சீலோ கசிகிறது. அந்த எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். எண்ணெயை உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். அந்தக் கேஸ்கெட்டையும் மாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, ஆனால் அது தனி வேலை.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஓர் அட்டையில் செருகி வையுங்கள். சாம்பலோ வெளிர் பழுப்போ இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தால் அதுதான் சேதி: கரிபோல உலர்ந்த கறுப்பு என்றால் எரியாத பெட்ரோல், பளபளக்கும் ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய், சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. ஒரு விஷயம் பலரையும் பயமுறுத்தும்: பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று. கம்ப்ரஷன் கசிகிறது என்று நினைத்துவிடுவார்கள். அது கரோனா கறை. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள நுண்ணிய எண்ணெய்த் துளிகளை இழுத்துப் பீங்கானில் ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

புதுப் பிளக்கை ஏற்றும்போது ரேட்சட்டைத் தொடாதீர்கள். சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் கையால் பிடித்து, அல்லது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மாட்டி, விரலால் சுழற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கும், எதுவும் கெடாது. அடிவரை விரலாலேயே இறங்க வேண்டும். அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச். இந்த எஞ்சினுக்கு 18 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்குவது வழக்கம். காயில் போல்ட்டுக்கு 10. உங்கள் ஆண்டுக்கான சர்வீஸ் கையேட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வளையம் உட்கார்ந்த பிறகு புதுப் பிளக்கை இன்னும் அரைச் சுற்று. மரையில் ஆன்டி-சீஸ் என்கிற, இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசையைத் தடவலாமா என்பது ஓயாத சண்டை. பிளக் தயாரிக்கும் என்ஜிகே, டென்சோ இரண்டுமே வேண்டாம் என்கின்றன. மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, மேலே வழுக்கும் பசை தடவினால் அதே டார்க்கில் பிளக் கூடுதலாக இறுகி மரை நீளும். பழைய ஆட்கள் தடவுவார்கள், பலருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. நான் தடவுவதில்லை. காயிலின் ரப்பர் வாய்க்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டுப் பூசலாம். அது மின்சாரத்தைத் தடுக்கும் பொருள், உலோக ஸ்பிரிங்கில் அப்பாதீர்கள்.

இப்போது மறக்காமல் மூன்றாம், நான்காம் காயில்களை இடம் மாற்றுங்கள். மாற்றிய காயிலின் தலையில் மார்க்கரால் ஒரு குறி போட்டுவிடுங்கள். துணிகளை எண்ணி வெளியே எடுத்து, பிளெனத்தின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளிப்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பழைய கேஸ்கெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அது அமுங்கிப் போயிருந்தால் காற்று கசிந்து, நீங்கள் தீர்த்த மிஸ்ஸிங்குக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வரும். கவுலை மூடும் முன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் சில வினாடிகள் ஐடிலிங் ஏறி இறங்கலாம். பேட்டரியைக் கழற்றியதால் கம்ப்யூட்டர் மறுபடி பழகுகிறது. நடுக்கம் நிற்கவே இல்லை என்றால் பெரும்பாலும் சொருகாத கனெக்டரோ மாட்டாத ஹோஸோதான். அதைப் பார்க்க வசதியாகத்தான் கவுலை வெளியே வைத்திருக்கிறீர்கள்.

அப்படியும் பி0303 அதே இடத்திலேயே நின்றால் வீட்டு வேலையின் எல்லை வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். மிச்சம் இருப்பது இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன். இவற்றை ஊகத்தில் பாகம் வாங்கித் தீர்க்க முடியாது, அளந்துதான் தீர்க்க வேண்டும். கராஜுக்குப் போகும்போது பிளக், காயில் இடமாற்றம் இரண்டையும் செய்தாகிவிட்டது என்று சொல்லி, ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தையும் கழற்றிய மூன்றாம் பிளக்கையும் கையில் கொடுங்கள். பாதி ஆய்வு நேரம் மிச்சமாகும்.

வேறு வேன் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-லிருந்து சியென்னாவிலேயே எஞ்சினின் எரிபொருள் அமைப்பு மாறிவிட்டது. 2021-லிருந்து நான்கு சிலிண்டர் ஹைபிரிட். ஹோண்டா ஒடிஸியில் பின்வரிசை இடுக்கமாக இருந்தாலும் இன்டேக்கைக் கழற்றாமலே எட்டும். கிரைஸ்லர், டாட்ஜ் வேன்களின் 3.6 லிட்டர் எஞ்சினில் பின்வரிசைக்கு மேல் இன்டேக்கைக் கழற்றியாக வேண்டும். அதோடு, 2011 முதல் 2013 வரை வந்தவற்றில் இடது சிலிண்டர் ஹெட்டிலேயே பழுது வந்து, கம்பெனியே உத்தரவாதத்தை நீட்டித்த வரலாறு உண்டு. அங்கே ஒரு சிலிண்டரில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் பிளக்கோடு நிற்காமல் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும்.

பாகங்கள் வர நாலைந்து நாள் ஆகும், அதுவரை ஓட்டலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தால், மெதுவாக, ஏற்றத்தில் மிதிக்காமல், பக்கத்தில் இருக்கும் கடைக்குப் போய் வரலாம். மினுக்கினால் கூடாது. எரியாத பெட்ரோல் அப்போது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது. அது உருகிவிட்டால் புதுசு போட ஆகும் செலவு, கராஜில் ஆறு காயிலுக்குச் சொன்ன தொகையைச் சின்னதாக்கிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட இந்த வாரம் மட்டும் யாரிடமாவது வண்டி கேளுங்கள்.